நாற்பது மீட்டரில் இரைச்சல்

செப்டம்பர் 8, திங்கள்

விடியும்போதே புழுக்கம். ராத்திரி இடித்ததோடு சரி, ஒரு சொட்டு மழை இல்லை. மொட்டை மாடியில் என் ஆன்டெனா வயரின் மேல் யாரோ பெட்ஷீட் உலர்த்தியிருக்கிறார்கள். எடுத்து மடித்துத் தண்ணீர்த் தொட்டி மேல் வைத்துவிட்டு வந்தேன். சண்டை போடத் தெம்பில்லை.

என் ஹாம் ரேடியோவில் புது இரைச்சல். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வடபழனிக் கல்யாணம், செட் பக்கமே போகவில்லை. இன்று காலை போட்டால் நாற்பது மீட்டர் அலைவரிசை முழுக்க அப்பளம் பொரிகிறது. எந்தப் பக்கம் திருப்பினாலும் சர்ர்ர். செட்டின் சிக்னல் முள் பாதிக்கு மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது, இறங்குவதாக இல்லை.

என் ரேடியோ சிநேகிதர் தென்காசி முருகையா வழக்கம்போலக் காப்பி நேரத்துக்கு அலையில் வந்தார். வந்தார் என்பதே ஒரு ஊகம்தான். AKKA AKKA என்று மோர்ஸில் கூப்பிடுவது மட்டும் கேட்டது, மிச்சம் பொரியலோடு போச்சு. "இங்கே இரைச்சல். நாளை பார்க்கலாம்" என்று தட்டிவிட்டு மூடினேன். வேடிக்கை என்னவென்றால் இரைச்சல் என் காதுக்கு மட்டும்தான். நான் தட்டுவது அவருக்குச் சுத்தமாகப் போய்ச் சேரும். அவர் தட்டுவதுதான் எனக்கு வராது.

இந்தச் சமயம் பார்த்தா வரணும் இந்த இரைச்சல் சனியன்? தொண்டையில் ஆபரேஷன் ஆகிக் குரல் போனதிலிருந்து முருகையாவுக்கு மோர்ஸ் தட்டும் கீதான் வாய். இப்போது டாக்டர் இரண்டாவது ஆபரேஷன் பேச்சை எடுத்திருக்கிறார். முடிவு சொல்ல வேண்டுமாம். போன வாரம் முழுக்க அதைத்தான் சுற்றிச் சுற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்.

வாட்ஸ்அப்பில் எழுதுங்களேன் என்று முன்பே சொல்லிப் பார்த்தாயிற்று. மாட்டார். அந்த வீட்டில் அவர் போன்தான் சிலேட்டு. அதில் எழுதிக் காட்டித்தான் ரசம் கேட்கிறார், பேரனைத் திட்டுகிறார். எல்லோரும் எடுத்துப் பார்ப்பார்கள். மோர்ஸ் அங்கே யாருக்கும் தெரியாது. அதனால் மனசில் இருப்பது எல்லாம் காலையில் எனக்கு வரும்.

செய்ய வேண்டியவை:
கொலுப் பெட்டிகளைப் பரணிலிருந்து இறக்கணும் (இவர் முதுகு வலி என்பார்)
கேஸ் புக் பண்ணணும்
ஜாக்கெட் துணி தனத்திடம் கொடுக்கணும்
இரைச்சல்!!

செப்டம்பர் 9, செவ்வாய்

மேகமூட்டம். தலைவலி.

முதலில் உன் வீட்டைப் பார், அப்புறம் ஊரைப் பார். எங்கள் ரேடியோ ஆட்கள் எல்லோரும் சொல்வது. அதனால் செட்டை பேட்டரியில் மாட்டிவிட்டு மெயினை அணைத்தேன். பின் ரூம் ஃபேன் நின்றது, லைட் போனது. இரைச்சல் அப்படியே. ஆக, நம் வீடு இல்லை. சந்தேகம் தீர்ந்தது.

இவர் கூடத்திலிருந்து: "ஏண்டி வசு, கரண்ட் போயிடுத்தா?"

"நான்தான் அணைச்சேன்."

"எதுக்கு?"

"இரைச்சல் நம்மாத்துலேர்ந்து வரதான்னு பார்க்க."

"நம்மாத்து இரைச்சல் ரேடியோவுல எதுக்குத் தேடறே? கண்ணாடியில பாரு."

ரொம்ப சாமர்த்தியம். அதற்குத் தண்டனையாக இவர் காப்பியைத் தள்ளிப் போட்டேன்.

மு. வந்தார் (இனி மு. தான்; முழுப்பேர் எழுதக் கை வலிக்கிறது). நாலில் ஒரு வார்த்தை பிடிபட்டது. இரண்டு தடவை AGN கேட்டேன், திருப்பி அனுப்பு என்று. திருப்பி அனுப்பினார் பாவம். ரேடியேஷன் கொடுத்த பிறகு அவர் கை முன்னைப் போல இல்லை. புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வருகின்றன. அந்தக் கையை மறுபடி மறுபடி தட்டச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருந்தது.

செப்டம்பர் 10, புதன்

வெயில். மாலை தூறல், மண் வாசனைக்கு மட்டும்.

சின்ன ட்ரான்சிஸ்டரை எடுத்துக்கொண்டு வேட்டை. சிற்றலையில் வைத்து, காதோடு ஒட்டிக்கொண்டு, மாடிப்படி, மொட்டை மாடி, மீட்டர் பெட்டி, கார் நிறுத்தும் இடம். பார்க்கிறவர்கள் கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிறேன் என்று நினைத்தார்கள். ஒருவர் கேட்டேவிட்டார், "மாமி, யாரு பேட்டிங்?"

மேல் வீட்டு ஏசி: லேசாக. மோட்டார் ரூம்: ஒன்றுமில்லை. லிஃப்ட்: கொஞ்சம் உறுமல், வேறு ஜாதி.

தனத்தின் தையல் ஷெட்: மாட்டிக்கொண்டது! கார் நிறுத்தும் இடத்தின் ஓரத்தில்தான் அவள் ஷெட். புதிதாக ஒரு மோட்டார் மிஷின் வாங்கியிருக்கிறாள். காலை வைத்து அழுத்தினால் ட்ரான்சிஸ்டரில் வ்ர்ர்ர்ர் என்று காது கிழிகிறது. காலை எடுத்தால் குறைகிறது. முழுசாக நிற்கவில்லை, அடியில் அந்த அப்பளப் பொரியல் இருந்துகொண்டேதான் இருந்தது. இருக்கட்டும், மிஷின் பிளக்கில் இருக்கும்வரை அப்படித்தான் இருக்கும் என்று முடிவு கட்டினேன்.

மாடி ஏறி வந்தால் இவர் போனைப் பார்த்துக்கொண்டு: "காலைலேர்ந்து நீ எத்தனை தடவை வாசல்ல போயிட்டு வந்தேன்னு எல்லாம் பதிவாயிருக்கு. செருப்புக் கூடப் போடலை." புதுக் கேமரா வந்ததிலிருந்து இவருக்கு வேலையே இதுதான். ரிடையர் ஆன மனுஷனுக்கு ஒரு பொழுது வேண்டும், சரி.

வத்தக்குழம்பு. உப்பு தூக்கல். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

ராத்திரி நல்ல மழை. தெருவில் தண்ணீர்.

மு. இன்று நீளமாக அனுப்பினார். ரொம்ப நீளம். 'டாக்டர்' தெரிந்தது. நடுவில் பேச்சியம்மா பேர் வந்தது, அவர் மனைவி. மிச்சமெல்லாம் சர்ர்ர். ஹெட்போனை அழுத்திப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். ஊஹும்.

அனுப்பி முடித்துவிட்டு எனக்காகக் காத்திருந்தார். AGN போட்டிருக்கலாம். ஆனால் அவ்வளவு நீளத்தையும் அந்தக் கையால் மறுபடி தட்டச் சொல்வதா? உள்ளே பால் பொங்கும் வாசனை வேறு. R R FB 73 என்று தட்டி முடித்தேன். கிடைத்தது, பிரமாதம், வணக்கம். டாக்டர் ஏதோ நல்லதாகச் சொல்லியிருப்பார், அதனால்தான் இவ்வளவு நீளம் என்று தோன்றியது. இரைச்சலை ஒழித்துவிட்டு நிதானமாகக் கேட்டுக்கொள்ளலாம்.

அவர் பதிலுக்கு ஒன்றும் தட்டவில்லை. தட்டியிருந்தாலும் கேட்டிருக்காது.

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.

செப்டம்பர் 12, வெள்ளி

தனத்திடம் போய்ப் பேசினேன். நல்லபடியாகத்தான் ஆரம்பித்தேன்.

"தனம், காலைல மட்டும் கொஞ்ச நேரம் இந்த மிஷினை நிறுத்தி வைக்கிறியா? என் ரேடியோவுல ஒண்ணும் கேக்க மாட்டேங்கறது."

"இன்னா மாமி, என் மிசினுக்கும் உங்க ரேடியோக்கும் இன்னா சம்பந்தம்? அது பாட்டுக்கு மூலைல கீது."

விளக்கினேன். இருபத்தெட்டு வருஷம் பெண்களுக்கு பிசிக்ஸ் நடத்தியவள் இல்லையா, மோட்டார், தீப்பொறி, அலை என்று பாடமே எடுத்துவிட்டேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள்.

"எனக்கு அதெல்லாம் புரில மாமி. நவராத்திரி ஜாக்கெட்டு மலையா குவிஞ்சி கீது. காலைலதான் புள்ளைங்கள அனுப்சிட்டு நிம்மதியா தச்சிக்கினு கீறேன். அப்பவும் நிறுத்துன்னா எப்ப தைக்கிறது?"

நியாயம்தான். ஆனால் என் கோபத்துக்கு நியாயம் தெரியாது. நேரே அசோசியேஷன் செக்ரட்டரி வீட்டுக்குப் போனேன். பொது மீட்டரிலிருந்து மோட்டார் மிஷின் ஓட்டுவது சரியா என்று கேட்டேன். ரேடியோவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ரேடியோ என்றால் சிரிப்பார். மீட்டர் என்றால் எழுந்து உட்காருவார். எழுந்து உட்கார்ந்தார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

தனம் மிஷினைக் கழற்றிவிட்டாள். செக்ரட்டரி ஷெட்டுக்கு கரண்டை நிறுத்தச் சொல்லிவிட்டாராம். ஷேர் ஆட்டோவில் மிஷின் தலையை மடியில் வைத்துக்கொண்டு பட்டினப்பாக்கத்துத் தங்கை வீட்டுக்குப் போனாள். நான் பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தாள். நான் துணியைப் பார்த்தேன்.

மு. இரண்டு நாளாக வரவில்லை. மழையில் அவர் பக்கம் கரண்ட் இல்லையோ என்னவோ.

மத்தியானம் செட்டைப் போட்டுப் பார்த்தேன். வ்ர்ர்ர் போய்விட்டது. அப்பளம் அப்படியே இருக்கிறது.

அடுத்த கட்டடத்தில் ஏதாவது இருக்கும்.

செப்டம்பர் 15, திங்கள்

மு. வந்தார்! AKKA கேட்டது, சந்தோஷமாக இருந்தது. சின்னதாக ஏதோ அனுப்பினார். இரைச்சலில் போச்சு. R 73 போட்டேன். மறுபடியும்.

ரிஜிஸ்டர் ஆபீஸில் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களைப் பார்த்து நான்தான் சிரிப்பேன்.

கொலுப் பெட்டி இறங்கியது. தசாவதாரத்தில் வாமனனுக்குக் குடை இல்லை. செட்டியாருக்குக் காது உடைந்திருக்கிறது. இவருக்கு முதுகு வலி, சொன்னேன் இல்லையா.

செப்டம்பர் 17, புதன்

இன்று மின்வாரியப் பராமரிப்பு, காலையிலிருந்து எங்கள் பகுதி முழுக்க ஷட்டௌன். மந்தைவெளி செத்துக் கிடந்தது. ஏசி இல்லை, மோட்டார் இல்லை, பக்கத்துக் கட்டடத்து மிக்சி சத்தம் கூட இல்லை. இதைவிட நல்ல நாள் எனக்கு எப்போது வரும்? ஓடிப்போய் செட்டை பேட்டரியில் போட்டேன். இன்று நாற்பது மீட்டர் சுத்தமாக இருக்கப் போகிறது என்று ஹெட்போனை மாட்டினால்,

சர்ர்ர்.

தெரு முழுக்கக் கரண்ட் இல்லை. அப்பளம் பொரிகிறது.

அப்படியானால் இன்வெர்ட்டர் இருக்கிற வீடு. ட்ரான்சிஸ்டரை எடுத்துக்கொண்டு இறங்கினேன். தெருவில் குறைந்தது. மீட்டர் பெட்டி அருகே குறைந்தது. ஏற ஏறக் கூடியது. முதல் மாடி, இரண்டாம் மாடி, எங்கள் நடை, எங்கள் வாசல். நிலைப்படியில் நின்றபோது ட்ரான்சிஸ்டர் அலறியது. நிமிர்ந்து பார்த்தால் மேலே கேமரா. ஊரே இருண்டிருக்கும்போது குட்டிச் சிவப்பு விளக்கோடு என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

நான் வடபழனியில் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்ட அந்தச் சனிக்கிழமைதான் இவர் இதை மாட்டியிருக்கிறார். கரண்ட் போனாலும் வாசலில் செருப்புத் திருடனைப் பிடிக்க வேண்டும் என்று எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி, பரண் வழியாக இன்வெர்ட்டர் லைனில் கொடுத்திருக்கிறார். கூடத்துக்கு மட்டும் இருக்கும் இன்வெர்ட்டர். நான் மெயினை அணைத்து பின் ரூம் ஃபேன் நின்றதைப் பார்த்துவிட்டு வீடே செத்தது என்று நம்பினேன். கூடத்தில் எட்டிப் பார்த்திருந்தால் இவர் தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்திருக்கும். கரண்ட் போயிடுத்தா என்று அவர் கேட்டது கூட என் ரூமைப் பார்த்துத்தான் போலிருக்கிறது. பிசிக்ஸ் டீச்சராம்.

பரணில் ஏறி, அந்த மலிவு அடாப்டரைப் பிடுங்கினேன். செட்டில் போய் உட்கார்ந்தேன். முள் கீழே. நாற்பது மீட்டர் அமைதியாக இருந்தது. தூரத்தில் யாரோ மெல்ல மோர்ஸ் தட்டுவது கூடத் தெளிவாகக் கேட்டது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

இவர்: "கேமரா வேலை செய்யலையே, போன்ல கருப்பா இருக்கு?"

"இனிமே அப்படித்தான் இருக்கும்."

"செருப்பு?"

"உள்ளே கழட்டுங்கோ."

தனத்திடம் என்ன சொல்வேன்?

செப்டம்பர் 18, வியாழன்

எழுதப் பிடிக்கவில்லை. எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

காலை மு. வந்தார். என்ன அழகாகக் கேட்டது! நடுங்குகிற கைதான், ஆனாலும் ஒவ்வொரு எழுத்தும். "இரைச்சல் ஒழிந்தது, இன்று முழுக்கக் கேட்கிறது" என்று நான் முதலில் தட்டினேன். அவர் அனுப்பியது:

"நல்லது அக்கா. திங்கட்கிழமை மதுரைக்குப் போகல. அன்னைக்கு நீயும் சரின்னு சொன்னதுல மனசு லேசாச்சு. பேச்சிதான் இன்னும் அழுதுட்டு இருக்கா."

மோர்ஸில் 'ங்க' போட நேரம் கிடையாது, எல்லோரும் 'நீ' தான். அந்த 'நீ' இன்று குத்தியது. எதற்குச் சரி சொன்னேன்? என்ன சொன்னேன்? "அப்புறம் பேசுகிறேன்" என்று தட்டிவிட்டு அணைத்தேன்.

பேச்சியம்மாவுக்கு போன் போட்டேன். சாமான் விளக்கும் சத்தத்தோடு எடுத்தாள்.

"அக்கா, நாக்குல பாதிய எடுக்கணும்னு டாக்டரு சொல்லிட்டாரு. திங்கக்கெழம மதுரைல படுக்கை போட்டு வச்சிருந்தாவ. இவிய வேண்டாம்னும் சொல்லல, சரின்னும் சொல்லல. பையில துண்டு, கட்டுற சாரமெல்லாம் எடுத்து வச்சாச்சு. நான்தான் சொன்னேன், ரேடியோல அக்காட்ட ஒரு வார்த்த கேளுங்க, அவிய படிச்சவிய, சரியாச் சொல்லுவாவன்னு."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"கேட்டுட்டு வெளிய வந்து பைய அவுத்துட்டாவ. போன்ல எழுதிக் காட்டுனாவ, போக வேண்டாம்னு அக்காவே சொல்லிட்டாவன்னு. நான் என்னத்தச் சொல்ல? நீங்க யோசிக்காம சொல்ல மாட்டியளேன்னு இருந்துட்டேன். இப்ப டாக்டரு போன் எடுக்க மாட்டேங்காரு. மறுபடி மொதல்லேர்ந்து வாங்கன்னு நர்சம்மா சொல்லுதாவ. இவிய அசைய மாட்டேங்காவ."

"பார்க்கலாம் பேச்சி" என்றேன். என்ன பார்க்கலாம்? ஏன் அப்போதே உண்மையைச் சொல்லவில்லை? எனக்குத்தான் குரல் போன மாதிரி இருந்தது.

R என்றால் ஒரு எழுத்து விடாமல் எல்லாம் கிடைத்தது என்று அர்த்தம். லைசென்ஸ் பரீட்சைக்கு முதலில் படிப்பது. கிடைக்காமல் R போடாதே. நான் பாலுக்காக R போட்டேன். அவர் தன் உயிரைப் பற்றிக் கேட்டார், நான் பிரமாதம், வணக்கம் என்று சொல்லியிருக்கிறேன்.

இவரிடம் சொன்னேன். முதலில் கோபம். "கேக்கலைன்னா கேக்கலைன்னு சொல்ல வேண்டியதுதானே? அதுக்கென்ன வெட்கம்?" அப்புறம் போனைக் கவிழ்த்து வைத்தார். "நான் அந்தக் கேமராவை மாட்டாம இருந்திருக்கணும்" என்றார்.

"கேமராவா பொய் சொல்லித்து?" என்றேன். சாப்பிடவில்லை இருவரும்.

செப்டம்பர் 19, வெள்ளி

செட் முன்னால் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். மு. வரவில்லை. கூப்பிட்டேன், கூப்பிட்டேன். பதில் இல்லை. நேற்று நான் பாதியில் அணைத்தது அவருக்கு என்னவோ போல இருந்திருக்கும்.

மாலை பட்டினப்பாக்கம். தனத்தின் தங்கை வீட்டைக் கண்டுபிடிப்பதற்குள் மூன்று பேரிடம் கேட்டேன். வாசலில் மீன் வலை, உள்ளே கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் மிஷின். என்னைப் பார்த்துக் காலை எடுத்தாள்.

"உன் மிஷின் இல்லை தனம். எங்காத்துக் கேமரா. நான் தப்பாச் சொல்லிட்டேன். செக்ரட்டரிகிட்ட நானே பேசி கரண்ட் கொடுக்கச் சொல்றேன். வந்துடு."

ஜாக்கெட்டைத் திருப்பிப் போட்டுக் கொக்கி பார்த்தாள்.

"உங்க வூட்டு கேமராவா? நல்லா கீது மாமி நாயம்." அவ்வளவுதான் கோபம். அப்புறம் சாதாரணமாகச் சொன்னாள். "மறுபடியும் தூக்கினு அலைய என்னால முடியாது. இங்கியே போட்டுக்கினேன். உங்க ஜாக்கெட்டு தச்சாச்சு, எட்த்துக்கினு போங்க."

கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

செப்டம்பர் 20, சனி

இடி, மின்னல். ஆன்டெனா வயரைக் கழற்றி வைக்க வேண்டியதாயிற்று. நாள் முழுக்க அப்படியே. தென்காசிக்கு நேரே போய்விடலாமா? போய் என்ன சொல்வேன்? பேச்சி முன்னால் அவர் போனில் எழுதச் சொல்லியா?

மாட்டேன். தப்பு எந்தக் கையால் நடந்ததோ அதே கையால்தான் சொல்ல வேண்டும்.

கறிவேப்பிலை, எள், வாழைக்காய் (நாளை அமாவாசை). பசும்பால் தனியாக.

செப்டம்பர் 21, ஞாயிறு. மகாளய அமாவாசை

வானம் வெளுத்துவிட்டது. இவர் விடியற்காலையிலேயே குளத்துக்குக் கிளம்பினார், தர்ப்பணத்துக்கு. கூட்டத்தில் நெரிபடாமல் வாருங்கள் என்றேன். வயரை மாட்டினேன். செட்டைப் போட்டேன்.

AKKA.

வணக்கம் எல்லாம் சொல்லவில்லை. எழுதி வைத்துக்கொள்ளவும் இல்லை. நேரே தட்டினேன்: "அன்று நீ அனுப்பியது எனக்குக் கேட்கவில்லை. ஒரு வரி கூடக் கேட்கவில்லை. பொய்யாக R போட்டேன். நான் சரி என்று சொல்லவே இல்லை. என்னை மன்னி."

எங்கோ தூரத்தில் ஒரு ரஷ்யக்காரர் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக:

"தெரியும் அக்கா."

"எப்படி?"

"உன்ன எனக்குத் தெரியாதா. கேட்டிருந்தா நீ ஒத்த வரில விடுற ஆளா. அந்த டாக்டர் யாரு, வேற டாக்டரப் பாத்தியா, ஏன் போகலன்னு நூறு கேள்வி கேட்டுத் திட்டியிருப்ப. AGN போடுவேன்னு பாத்துட்டே இருந்தேன்."

"பின்னே ஏன் பேச்சியிடம் நான் சொன்னதாகச் சொன்னாய்?"

"பயமா இருந்துச்சு. யாராச்சும் ஒருத்தர் சரின்னா போதும்னு இருந்துச்சு. உன் R-அ எடுத்துக்கிட்டேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் கீயைத் தொட முடிந்தது. "இப்போது போடுகிறேன். AGN. அன்று அனுப்பியதை முழுசாக அனுப்பு."

அனுப்பினார். நிதானமாக, நிறுத்தி நிறுத்தி. டாக்டர் நாக்கில் பாதி எடுக்கணும் என்கிறார். இனி ருசி தெரியாது, குழாயில்தான் சாப்பாடு. எடுத்தாலும் எத்தனை நாளைக்கு என்று அவரால் சொல்ல முடியவில்லை. பேச்சி போகணும் என்கிறாள், மகனும் போகணும் என்கிறான். எனக்குப் போக மனசு வரல.

ஒரு எழுத்துகூட விடவில்லை, எல்லாம் கேட்டது. அடுத்து, போகாமல் இருந்துடட்டுமா அக்கா, நீ சொல்லு என்று வரும். என் பதில் தயாராக இருந்தது, விரல் கீயின் மேல். வந்தது அது இல்லை.

"அதான் போகல. முடிவு பண்ணியாச்சு. இனிமே யாரு சொல்லியும் போக மாட்டேன்."

அன்று என்னிடம் கேட்டார். இன்று எனக்குச் சொல்கிறார்.

போ என்று தட்டினேன். மதுரைக்குப் போ, நான் வருகிறேன் கூட, பேச்சியோடு நானும் உட்காருகிறேன், குழாயில் சாப்பிட்டால் என்ன, இந்தக் கை இருக்கிறதே, இதில் பேசிக்கொண்டிருக்கலாமே, போ, போ. பதில் இல்லை. செட்டை அணைத்துவிட்டார் போலிருக்கிறது. தட்டிக்கொண்டே இருந்தேன், இவர் ஈர வேட்டியோடு வந்து கதவைத் தட்டும்வரை.